பன்னிரண்டாம் ஸ்தலத்தில் மைக்கேல்ராஜ் படித்தது

மைக்கேல்ராஜுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது, கோளாறெல்லாம் அச்சடிக்கிறவர்களிடம்தான். நாலு வருஷமாக வீட்டில் அவர் சொல்லிவருவது இதுதான். மாத்திரை அட்டையில் தேதியைக் கடுகு சைஸில் போடுகிறான், பால் பாக்கெட்டில் வெள்ளைமேல் வெள்ளையாக அடிக்கிறான், கரண்ட் பில்லை எறும்பை மையில் முக்கி நடக்கவிட்டுத் தயார் பண்ணுகிறான். இப்படி ஊரில் உள்ள அத்தனை அச்சகத்தையும் திட்டித் தீர்த்துவிட்டு, கையை நீட்ட முடிந்த மட்டும் நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, அப்படியும் ஒன்றும் தெரியாமல், எனக்கு வேல கெடக்கு, நீயே பாரு என்று மனைவி கிருபாராணியிடம் தள்ளிவிடுவார். அவள் வாசித்துச் சொல்லிவிட்டு, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, கைதான் குட்டையாப் போச்சு என்பாள். ஐம்பத்துமூன்று வயசு மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தூரத்துப் பார்வையில் மட்டும் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சூளகிரி மேம்பாலத்தில் ஒரு பஸ் ஏறும்போதே, அது சேலமா கிருஷ்ணகிரியா, பாயிண்ட் டு பாயிண்டா என்று எல்லாம் சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இந்தத் தூரத்துப் பெருமையை வைத்துக்கொண்டுதான் கிட்டத்து அவமானத்தை அவர் மூடிக்கொண்டிருந்தார்.

அப்படி மூடுவதற்குக் காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்தது சூளகிரிப் பக்கம் பிரேக்குக்கு உதிரிபாகம் வார்க்கிற ஒரு கம்பெனியில், ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில். அதாவது வார்த்து, கடைந்து, கழுவி வருகிற ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் சிவப்புப் பெட்டியிலும் இல்லாவிட்டால் டிரேயிலும் போடவேண்டும். ஐம்பது பீஸ் சேர்ந்ததும் டிரேயில் அட்டையைக் கட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். இருபத்தாறு வருஷமாக இதே மேஜை. கம்பெனியில் அவருக்கு 'லென்ஸ்' என்று பெயர்.

லென்ஸுக்கு விரிசல் தெரியாமல் போய் நாலு வருஷம் ஆகிறது என்பது அவருக்கும் கிருபாராணிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அவர் என்ன செய்தார் என்றால், பீஸை வெளிச்சத்தில் ஒப்புக்குப் பிடித்துவிட்டு, கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்று வருடுவார். நகம் இடறினால் ரிஜெக்ட், வழுக்கினால் ஓகே. இதைப் பார்த்த டிரெயினிங் டிபார்ட்மெண்டுக்காரர்கள், அடடா, அனுபவம் என்றால் இதுதான் என்று அவர் கட்டைவிரலை வீடியோ எடுத்து, புதிதாகச் சேருகிற பசங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இருபத்திரண்டு வயசுப் பசங்கள், கழுகுக் கண்ணை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நகத்தால் வருட ஆரம்பித்தார்கள். எங்கிருந்தாவது புகார் வந்தால், லாரியில் குலுங்கியதால் விரிசல் விட்டிருக்கும் என்று கம்பெனி பதில் எழுதியது. வருஷத்துக்கு ஒரு கண் பரிசோதனை உண்டுதான். ஆனால் பதினோரு வருஷமாக அதே அட்டை, அதே கடைசி வரி. மைக்கேல்ராஜ் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

கண்ணாடி போட்டுத் தொலைத்தால் என்ன என்று கிருபாராணி கேட்காத நாள் இல்லை. அவளே ஓசூரில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டும் வந்துவிட்டாள். இவர் தொடமாட்டார். மூணு வருஷத்துக்கு முன் பக்கத்து சீட் வெள்ளைச்சாமி ஒரு திங்கட்கிழமை மூக்கில் கண்ணாடியோடு வந்தார், அடுத்த திங்கட்கிழமை அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அன்றைக்கே மைக்கேல்ராஜ் முடிவு கட்டிவிட்டார், செத்தாலும் கண்ணாடி இல்லை என்று.

இந்த வருஷம் விஷயம் இன்னும் முற்றிவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் ஏசி போட்ட புது இன்ஸ்பெக்ஷன் ரூம் திறக்கப்போகிறார்கள். அதற்கு ஒரு லீடர் வேண்டும். குவாலிட்டி மேனேஜர் மேக்ஸ்வெல்லுக்கு முப்பத்தெட்டு வயசு, மைக்கேல்ராஜ் போகிற அதே சர்ச்சின் பங்குக்காரர்தான். கம்பெனியில் இவர் அவரை சார் என்பார், கோயிலில் தம்பி என்பார். அவர் இரண்டு இடத்திலும் அண்ணா என்பார். அந்த மேக்ஸ்வெல்தான் போன மாசம் தோளில் கைபோட்டு, உங்க கண்ணுக்குத்தாண்ணா அந்த சீட்டு என்று சொல்லியிருந்தார். அந்த சீட்டுக்காக மைக்கேல்ராஜ் எதையும் செய்யத் தயாராக இருந்தார், கண்ணாடி போடுவதைத் தவிர.

இந்த நிலைமையில்தான், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. இவர்களுடைய ஓசூர்ப் பங்கில் தவக்காலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சூளகிரி தாண்டி, பாறை பாறையாகக் கிடக்கிற ஒரு மலையில், அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் பதினான்கு சிலுவைகள் நட்டிருக்கிறார்கள். இயேசு பாடுபட்டு மரித்து அடக்கமானதைப் பதினான்கு ஸ்தலமாகப் பிரித்து, ஒவ்வொரு சிலுவையிலும் நின்று, ஒருவர் மைக்கில் தியானம் படிக்க, மற்றவர்கள் முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டே ஏறவேண்டும். ஊர் உலகமெல்லாம் இதை வெள்ளிக்கிழமையில் செய்யும். வெள்ளிக்கிழமை ஷிப்ட் இருப்பதால் ஓசூர்க்காரர்கள் தவக்காலத்து ஐந்தாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வார்கள், ஆண்டவர் அனுசரித்துக்கொள்வார்.

பன்னிரண்டாம் ஸ்தலம், இயேசு சிலுவையில் உயிர்விடுகிற இடம், மலை உச்சியில் இருக்கிறது. அதைப் படிப்பது மைக்கேல்ராஜின் உரிமை. பதினோரு வருஷமாக வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. பழைய புத்தகத்து வாசகம் முழுக்க மனப்பாடம் என்பதால் அவர் புத்தகத்தை மார்பில் அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சொல்லுவார், பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

இந்த வருஷம் புதுச் சாமியார் ஃபாதர் டேனி வந்திருந்தார். வந்த வேகத்தில் பழைய தியானங்கள் எல்லாம் காலத்துக்கு ஒத்துவரவில்லை என்று தானே உட்கார்ந்து புதுசாக எழுதிவிட்டார். எல்லைப்புறத்துப் பங்கு என்பதால் பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் கன்னடம், எந்த மொழியில் படிப்பது என்று வருஷா வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஃபாதர் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்த, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கன்னடம் என்று போட்டு, மலை ஏறுகிறவர்களுக்குச் சுமை கூடாது என்று அத்தனையையும் சட்டைப்பைக்குள் அடங்குகிற குட்டிப் புத்தகமாக்கிவிட்டார். அது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில்தான் எல்லார் கைக்கும் வந்தது.

மைக்கேல்ராஜ் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். கையை நீட்டினார், இன்னும் நீட்டினார். சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக ஏதோ தெரிந்தது. வியர்த்துவிட்டது.

முதல் ஸ்தலத்திலிருந்தே கூத்து ஆரம்பமாகிவிட்டது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் புத்தகத்தை மூக்குக்கும் தொப்பைக்குமாக நகர்த்தி நகர்த்தி, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து கை கழுவுவதற்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். நாலாம் ஸ்தலத்தில் ஒரு அம்மா, தொண்டை கட்டிக்கிச்சு என்று சொல்லி மைக்கை மருமகளிடம் கொடுத்துவிட்டார். நாற்பத்தைந்து தாண்டிய அத்தனை பேருக்கும் அன்றைக்கு என்னவோ தொண்டை கட்டியது. யாரும் கண்ணைச் சொல்லவில்லை. ஃபாதர் டேனி மட்டும், மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லைபோல என்று எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மேக்ஸ்வெல் மைக்கேல்ராஜுக்கு இரண்டடி பின்னாலேயே ஏறிவந்தார். அதனால் தொண்டை கட்டவும் வழியில்லை, வழி நெடுகப் பேசிக்கொண்டே வரவேண்டியிருந்தது. எட்டாம் ஸ்தலத்துப் பாறையில் மூச்சு வாங்க நின்றபோது கீழே ஹைவேயும் ஷெட்டுகளும் தெரிந்தன. மைக்கேல்ராஜ் வாய்ப்பை விடாமல், இந்த ஷெட்டில் இன்ன போர்டு, அந்த லாரியில் இன்ன ஊர் என்று வரிசையாக வாசித்துக் காட்டினார். மேக்ஸ்வெல் அசந்துபோய், கண்ணா இது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். பதினோராம் ஸ்தலத்தில் கிருபாராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கைப்பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டின் மூக்கை மட்டும் காட்டினாள். அவர் முறைத்த முறைப்பில் பையை மூடிவிட்டு, எக்கேடோ கெட்டுப் போங்க என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

உச்சி வந்துவிட்டது. ஒரு கையில் மைக். இன்னொரு கையால் புத்தகத்தைப் பின்பக்கமாக மடித்து ஒரு பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பெனிஷா நின்றாள். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், இவருக்கு அடுத்து கன்னடத்தில் படிக்கவேண்டியவள். மேக்ஸ்வெல் நேர் எதிரே முழங்காலில். முன்னூறு பேர் அமைதியாக இருந்தார்கள். பழைய வாசகத்தைச் சொல்லலாம் என்றால், ஃபாதர் அதைத் தூக்கிப் போட்டது எல்லோருக்கும் தெரியும். மைக்கேல்ராஜ் புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வரி வரியாகக் கண்ணை ஓட்டுகிற மாதிரி தலையை அசைத்து, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இயேசுவே, நீர் இந்த உயரத்தில் தொங்குகிறீர். கீழே நாங்கள் ஷிப்டுக்கு ஓடுகிறோம். கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிற எங்கள் பிள்ளைகளை நீர் பார்க்கிறீர். நாங்கள் பார்ப்பதில்லை."

கூட்டத்தில் ஒரு விசும்பல் கேட்டது. நல்லா வருதே என்று அவருக்கே தோன்றியது. தோன்றியதும் குரல் இறங்கி, அவர் யோசிக்காத இடத்துக்குப் போய்விட்டது.

"பார்க்காமலேயே பார்த்தோம் என்று சொல்கிறோம். தெரியாமலேயே தெரிகிறது என்று கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் இடம் போய்விடுமோ என்று பயந்து பொய் சொல்கிறோம், ஆண்டவரே. பயமாக இருக்கிறது."

நிஜமாகவே அவருக்குத் தொண்டை அடைத்தது. ஒப்பேற்றக் கிளம்பியவர் உண்மையைச் சொல்லிவிட்டார், அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். கண் நன்றாகத் தெரிகிற இளவட்டங்கள், இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தைப் புரட்டினார்கள். எழுதிய ஃபாதர் டேனி மட்டும் தலையைத் தூக்கி இவரைப் பார்த்தார். தான் எழுதியதைவிட நன்றாக இருந்ததால் பேசாமல் குனிந்துகொண்டார்.

முடிந்தது. மைக்கேல்ராஜ் பெருமூச்சோடு மைக்கைப் பெனிஷா பக்கம் நீட்டினார். ஸ்விட்சை அணைக்கவில்லை. அவள் நல்ல பெண், பெரியவருக்கு உதவி செய்கிற எண்ணத்தில்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், உங்க கையில இருக்கறது கன்னடப் பக்கம்."

ஸ்பீக்கர் அதை மலை முழுக்கச் சொன்னது. கன்னடக்காரர்களில் ஒருவர் அவசரமாகத் தன் வலது பக்கத்தைப் பார்த்து, இங்கயும் இப்படி ஒண்ணும் போடலியே என்றார். யாரோ பக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். மேக்ஸ்வெல் சிரிக்கவில்லை. முழங்காலிலிருந்து எழுந்திருக்காமல் மைக்கேல்ராஜின் கையில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு ஸ்தலமும் எப்படிப் போனது என்று மைக்கேல்ராஜுக்குத் தெரியாது. கூட்டம் இறங்க ஆரம்பித்தது. பாதி மலையில் மேக்ஸ்வெல் வந்து சேர்ந்துகொண்டார், வேண்டுமென்றே மற்றவர்களை முன்னால் போகவிட்டார். மைக்கேல்ராஜ் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். வெள்ளைச்சாமியைக் கண்ணாடிக்காக யாரும் மாற்றவில்லையாம். பேக்கிங் செக்ஷன் மெயின் கேட்டுக்குப் பக்கம், அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று அவரேதான் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்ஷன் பார்க்கலாம் என்று கண் பரிசோதனைப் படிவத்தின் அடியிலேயே போட்டிருக்கிறதாம்.

"அடியில எங்க தம்பி?" என்றார் மைக்கேல்ராஜ்.

"சின்ன எழுத்துல."

மைக்கேல்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அட, இதற்குப்போயா நாலு வருஷம் இப்படிச் செத்துப் பிழைத்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது. நாளைக்கே போட்டுட்டு வந்துடறேன், கிருபா வாங்கி வச்சிருக்கா என்று உற்சாகமாகச் சொன்னார். மேக்ஸ்வெல் நின்றுவிட்டார்.

"கண்ணாடி போட்டா ஒரு பிரச்சினயும் இல்லண்ணா. போடாம இத்தன நாளா என்னத்தப் பாத்தீங்க?"

மைக்கேல்ராஜ் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த கிருபாராணியிடம் இதைச் சொன்னபோது அவள் திட்டவில்லை. அவர் மானம் போனதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லையாம், அந்தப் பீஸெல்லாம் எந்தெந்த வண்டியில் ஓடுகிறதோ என்றுதான் பயமாம்.

திங்கட்கிழமை காலை மேக்ஸ்வெல் தானே ஒரு டிரேயைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். சனிக்கிழமை மைக்கேல்ராஜ் பாஸ் பண்ணியது, லாரிக்காகக் காத்திருந்தது. மேஜையில் இருந்த ஏழு பேரும் நிமிர்ந்தார்கள். மைக்கேல்ராஜ் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதலில் தெரிந்தது அவர் கை ரேகைதான், இவ்வளவு கோடா என்று பயந்துபோனார்.

முதல் பீஸ் நன்றாக இருந்தது. இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் சுத்தம். கொஞ்சம் தெம்பு வந்தது, விரல் ஏமாற்றவில்லை என்று மேக்ஸ்வெல்லை ஒரு பார்வை பார்த்தார். ஏழாவது பீஸின் உள்விளிம்பில் மயிர் ஒட்டியிருக்கிற மாதிரி ஒன்று இருந்தது. துடைத்தார். போகவில்லை. நகத்தால் வருடினார், வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அதை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டார். பதினொன்றில் இன்னொன்று. பதினாறில் இரண்டு. பெட்டியில் பீஸ் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த சென்னகிருஷ்ணன், எதிர் சீட்டுக்காரர், தன் டிபன் பையைத் துழாவிக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டினார். அப்புறம் இன்னொருத்தர் சாக்ஸுக்குள் இருந்து எடுத்தார். அரைமணி நேரத்தில் ஏழு பேரில் ஐந்து பேர் மூக்கில் கண்ணாடி, அவரவர் பீஸையும் திரும்பப் பார்த்ததில் சிவப்புப் பெட்டி பாதி நிறைந்துவிட்டது. மேக்ஸ்வெல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முப்பதாவது பீஸில் மைக்கேல்ராஜ் நிறுத்தி, டிரேயில் கட்டியிருந்த அட்டையை எடுத்தார். அதில் அவர் கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்கு அடியில் எப்போதும் சாம்பல் பட்டையாக மட்டும் தெரிகிற இடத்தில் ஒரு வரி இருந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"இதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் என் கண்ணால் பார்த்தேன் என உறுதி கூறுகிறேன்."

ஒரு நாளைக்கு எத்தனை அட்டை, நாலு வருஷத்துக்கு எத்தனை. அழுகை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் பெரிதாகத் தெரிந்ததால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"வெள்ளிக்கிழம லாட்டயும் கொண்டாரச் சொல்லுங்க சார்," என்றார்.

"அது போயிருச்சுண்ணா. வெள்ளிக்கிழமயே லாரி ஏறிருச்சு."

"வியாழக்கிழமது?"

அதுவும் போய்விட்டது என்று மேக்ஸ்வெல் தலையை ஆட்டினார்.

"அப்ப எல்லாத்தயும் திருப்பிக் கேளுங்க. என் பேரப் போட்டே கேளுங்க."

"கேட்டா புது சீட்டு உங்களுக்கு இல்லண்ணா. இந்த சீட்டும் நிக்குமான்னு எனக்குத் தெரியாது."

அந்தப் புது சீட்டின்மேல் மைக்கேல்ராஜுக்கு ஆசை போய்விடவில்லை, அந்த நிமிஷத்திலும் இருந்தது, அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கேளுங்க சார்," என்றார்.

மேக்ஸ்வெல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மைக்கேல்ராஜ் முப்பத்தொன்றாவது பீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதிலும் விரிசல் இருந்தது.